மூத்த மருமகளின் பூட்டும் மேனகா டீச்சரும்

மேனகா டீச்சர் எனக்கு மூன்று மாத வாடகை தரவேண்டியிருந்தது. தொண்ணூறாயிரம் ரூபாய். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; கடனை மறைத்துவிட்டு ஒருவரைப் புகழ்வது என் பழக்கம் இல்லை.

நான் அழகுமுத்து. ஐந்தாம் வகுப்போடு மஸ்கெலியாவிலிருந்து கொழும்புக்கு வந்தவன். கொட்டாஞ்சேனைச் சாப்பாட்டுக்கடையில் தட்டுக் கழுவினேன். இன்று வெள்ளவத்தையில் எனக்கு ஹார்ட்வெயார் கடை இருக்கிறது, அதற்கு மேலே ஒரு மண்டபமும் இருக்கிறது. எவனுடைய சிபாரிசும் இல்லாமல் வந்தவை. ஆனால் இது என் கதை இல்லை. என் கதைக்கு இந்தப் பக்கங்கள் போதாது.

மேனகா பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளை. தொழிலாளர் லயத்தின் ஒற்றை அறையில் வளர்ந்து, பேராதனையில் அரசியல் விஞ்ஞானம் படித்துப் பட்டம் எடுத்தவர். அரசாங்க நியமனம் வரும் வரும் என்று காத்திருந்து அலுத்துப்போய், இரண்டு வருடத்துக்கு முன் என் கடைக்குள் வந்து, "முதலாளி, மேல உள்ள ஹாலுக்கு எவ்வளவு?" என்று கேட்டார். சொன்னேன். "கூடத்தான். ஆனா சரி" என்றார். வாடகையைக் குறைக்கச் சொல்லாத ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்துவிட்டது. என்னிடம் இருப்பதும் அதுதானே.

உயர்தரப் பரீட்சைப் பிள்ளைகளுக்கு டியூஷன். நாடும் நாடும் ஏன் சண்டை பிடிக்கின்றன, எப்படிச் சேர்கின்றன என்று ஒரு பாடம் இருக்கிறதாம். மற்ற மாஸ்டர்மார் நோட்ஸ் சொல்வார்கள், பிள்ளைகள் எழுதும். மேனகா டீச்சரோ, வெள்ளவத்தையில் எல்லா வீட்டிலும் மாலை ஏழு மணிக்கு ஓடும் தொலைக்காட்சி நாடகத்தைப் பிடித்துக்கொண்டார். பெரிய வீடு ஒன்று. மாமனார் செத்துப்போனார். மூத்த மருமகளும் இளைய மருமகளும் களஞ்சிய அறைச் சாவிக்காக அடித்துக்கொள்கிறார்கள்.

ஒருநாள் படிக்கட்டில் நின்று பாடத்தைக் காது கொடுத்துக் கேட்டேன்.

"இந்த வீட்டுல பொலிஸ் இல்ல, நீதிபதி இல்ல, மாமனாரும் இல்ல. யாரு உன்னைக் காப்பாத்துவா?" என்று டீச்சர் கேட்டார்.

"நானேதான்" என்றது ஒரு பிள்ளை.

"அதுதான் யதார்த்தவாதம். உலகத்துக்கும் மேல பொலிஸ் இல்ல."

"ஆனா டீச்சர், ரெண்டு பேரும் சேர்ந்து முறுக்கு வியாபாரம் செய்யினம். சண்டை பிடிச்சா ரெண்டு பேருக்கும் நட்டம்."

"அது தாராளவாதம். எழுதிக்க."

எனக்கே விளங்கியது. எனக்கு விளங்கினால் அது நல்ல படிப்பித்தல். வேறு சாட்சி வேண்டாம்.

ஆனால் நாடகத்தின் சத்தம் டீச்சரின் போனிலிருந்து காலி வீதி வரைக்கும் கேட்டது. பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் தீ பற்றியது. முன்னால் நின்றவர் யோகநாதன், ஓய்வுபெற்ற வங்கி மனேஜர். அவர் மகள் உஷாந்தி இங்கேதான் படித்தாள். டீச்சர் மாத முடிவில்தான் காசு வாங்குவார். அந்தப் பழக்கமே அவருக்கு வினையானது. பாதிப் பேர் பிள்ளைகளை நிறுத்தினார்கள். மீதிப் பேர் பிள்ளைகளை அனுப்பினார்கள், காசை அனுப்பவில்லை.

இதற்கிடையில் ஒரு கணித மாஸ்டர் மண்டபத்துக்குக் கூடுதல் வாடகையும் முற்பணமும் தருவதாக வந்தார். நான் வியாபாரி. டீச்சரைக் கூப்பிட்டு, "இந்த மாசக் கடைசிக்குள்ள காசு, இல்லாட்டிச் சாவி" என்றேன்.

"சாவியா?" என்று சிரித்தார். "நம்ம நாடகத்துலயும் அதுதான் பிரச்சினை முதலாளி. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுங்க. பெற்றோரைக் கூப்பிடுறேன்."

கதிரைகளை நானே போட்டுக் கொடுத்தேன், புதுக் கதிரைகள். ஞாயிறு பின்னேரம் மண்டபம் நிறைந்தது. வந்தவர்கள் பாதிப் பேர் சண்டைக்குத்தான் வந்தார்கள். பலகையில் டீச்சர் எழுதியிருந்தார்: "வீடு உடைந்தது யாரால்?" பிள்ளைகள் இரண்டு பக்கமாகப் பிரிந்து வாதாட வேண்டும்.

தொடங்குமுன்னே யோகநாதன் எழும்பினார். "என்ன ரீச்சர் இது? பிள்ளையளைச் சோதினைக்குப் படிக்க அனுப்பினனாங்களோ, நாடகம் பார்க்க அனுப்பினனாங்களோ? எங்கட வீட்டில உந்தக் குப்பை ஒண்டும் பார்க்கிறேல்ல. செய்தி மட்டும்தான்!"

"சரிங்க ஐயா. மகள் பேசட்டும், பிறகு நீங்க பேசுங்க" என்றார் டீச்சர்.

உஷாந்தி எழும்பினாள். "மூத்தவதான் பிழை. அவ முதல்ல களஞ்சியத்துக்குப் பூட்டு வாங்கினவ. அதுக்குப் பிறகுதான் இளையவ பயந்து தன்ர தம்பிமாரைக் கூப்பிட்டவ."

"பிழை!" என்று கத்தினார் யோகநாதன். "தம்பிமார் வந்தது தீபாவளிக்கு முதல். பூட்டு வந்தது பிறகு. வடிவாப் பார்த்திட்டுக் கதை!"

பக்கத்தில் இருந்த அவர் மனைவி சரோஜினிதேவி மெல்லச் சொன்னார்: "அப்ப, அறைக்கதவைச் சாத்திப்போட்டுச் செய்தி பார்க்கிறன் எண்டது இதைத்தானோ?"

சிரிப்பில் என் கூரைத் தகரம் அதிர்ந்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. எழுதுகோலை எடுத்துக்கொண்டு போய் யோகநாதன் கையில் கொடுத்தார்.

"ஐயா, நீங்க சொன்னது பெரிய விஷயம். தம்பிமார் எதுக்கு வந்தாங்க?"

"அவக்குப் பாதுகாப்புக்கு."

"மூத்தவ அதை எப்படிப் பார்த்தா?"

"தன்னை அடிக்க ஆள் சேர்க்கிறா எண்டு."

"பூட்டு எதுக்கு?"

"அதுவும் பாதுகாப்புக்குத்தான்..." அவர் பலகையைப் பார்த்தபடி நின்றார். "ஆனா இளையவக்கு அது சண்டைக்கு வாற மாதிரி."

"இப்ப மருமகளை எடுத்துட்டு நாட்டை வைங்க. பூட்டுக்குப் பதிலா ஏவுகணை."

அவர் வைத்துப் பார்த்தார். "ஒருத்தரும் கெட்டவை இல்ல. எண்டாலும் ரெண்டு பேரும் ஆயுதம் வாங்கிக்கொண்டே இருப்பினம்!"

"அப்பா, அதுதான் எங்கட போன கிழமைப் பாடம்" என்றாள் உஷாந்தி. "ஆனா அப்பிடியே விதியெண்டு விடேலாது. ரெண்டு பேரும் இருந்து கதைச்சிருந்தா?"

"ஆர் முதல்ல கதைக்கிறது? நம்பிக் கதவைத் திறந்தவன் ஏமாந்தா?"

தகப்பனும் மகளும் பிடித்துக்கொண்டார்கள். தாய்மார் எழும்பினார்கள். ஒருத்தி முறுக்கு வியாபாரத்துக்காக வாதாடினாள். இன்னொருத்தி, "இளையவளை எதிரி எதிரியெண்டு மூத்தவவின்ர தாய் சொல்லிச் சொல்லித்தானே எதிரியாக்கினவ!" என்றாள். டீச்சர் அதையும் பலகையில் எழுதி அதற்கும் ஒரு பெயர் வைத்தார். நானும் கை தட்டினேன். என் மண்டபத்தில் அப்படி ஒரு சத்தம் அதற்கு முன் எழும்பியதில்லை.

போகும்போது யோகநாதன் டீச்சர் முன்னால் நின்றார். "ரீச்சர், உதை இப்பிடி ஒருத்தரும் எனக்கு விளங்கப்படுத்தினதில்ல." மகளின் பாக்கி முழுவதையும் மேசையில் வைத்தார். அவருக்குப் பின்னால் வரிசை படிக்கட்டு வரைக்கும் நின்றது. அடுத்த கிழமை நிறுத்திய பிள்ளைகளும் திரும்பி வந்தார்கள். என் புதுக் கதிரைகளும் போதவில்லை.

கூட்டத்துக்கு மறுநாள், திங்கள் காலை கடை திறந்ததும் டீச்சர் வந்தார். காசை வைக்கச் சொல்லி மேசையைக் காட்டினேன்.

"மேசையில இல்ல, கையை நீட்டுங்க முதலாளி. நேத்துத் தட்டின கைதானே?"

ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லவில்லை. நானும் குறைக்கவில்லை, தன் காலில் நிற்பவருக்குக் குறைத்துக் கொடுப்பது அவமரியாதை.

"மேத்ஸ் மாஸ்டருக்கு வேற இடம் பார்க்கச் சொல்லிருங்க" என்றார்.

"நேத்தே சொல்லிட்டேன்" என்றேன்.

கையை விரித்தேன். ஐயாயிரம் ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக வைத்து, கடை முழுக்கக் கேட்கும்படி எண்ணினார்: "எண்பது... எண்பத்தஞ்சு... தொண்ணூறு."