சிக்கந்தர் சொன்ன கார்த்தஹேனா

சென்ற செவ்வாய்க்கிழமை முற்பகல் பள்ளியில் இருந்தபோது கைபேசியில் முருகேசனின் பெயர் வந்தது. நான்கு ஆண்டுகளாக வராத பெயர். “வீரசோழன் சிக்கந்தர் பாய் தவறிட்டாரு. நெஞ்சு வலியாம். சாயந்தரம் அசர் தொழுகை முடிஞ்சு அடக்கம்” என்றான். பிறகு, பழக்கமில்லாத ஆளிடம் கேட்பதுபோல், “வாரீங்களா?” என்றான். வரவில்லை என்று சொல்லிவிட்டு வகுப்புக்குத் திரும்பினேன். ஆனால் மதியம் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீரசோழன் பேருந்தில் ஏறினேன்.

அருப்புக்கோட்டையில் சிக்கந்தரின் தள்ளுவண்டியில் சாப்பிட்டவர்கள் உங்களில் பலர் உண்டு. சரக்குக் கப்பலில் இருபது வருடம் சமையல்காரராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். முதல் நாள் எனக்காக மக்காச்சோள மாவைத் தட்டி எண்ணெயில் போட்டார். அது உப்பியதும் எடுத்து, ஓரத்தைக் கீறி, உள்ளே முட்டையை உடைத்து ஊற்றி, கீறலை மாவால் அடைத்து மறுபடி எண்ணெயில் விட்டார். “கரீபியன் கடலோரத்துல கார்த்தஹேனான்னு ஒரு ஊரு சார். காலைல தெருவெல்லாம் இதுதான். அரேப்பான்னு சொல்லுவாக. பேருதான் வேற. சோளம், மரவள்ளி, வாழைக்கா, தேங்கா, அம்புட்டும் நமக்குத் தெரிஞ்ச பண்டந்தான்” என்றார். அப்படி ஒரு ருசியை அதற்கு முன் நான் கண்டதில்லை.

முருகேசன் நடத்தும் மாத இதழில் அதைத் தொடராக எழுதினேன். அவனும் நானும் பாலவனத்தத்தில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். கார்த்தஹேனாவுக்குப் போகிறவர் எந்தத் தெருவில் எதைச் சாப்பிட வேண்டும் என்று சிக்கந்தர் சொல்லச் சொல்ல எழுதினேன். மசித்த மரவள்ளிக்குள் கொத்துக்கறி வைத்துப் பொரித்த உருண்டை. பொரித்து, நசுக்கி, மறுபடி பொரித்த வாழைக்காய். தேங்காய்ப்பால் சோறும் பொரித்த மீனும். மணிக்கூண்டு வாசலில் தேங்காய் மிட்டாய் விற்கும் மார்த்தா என்ற அம்மாளைப் பற்றி ஒரு இதழ் முழுக்க எழுதினேன். “என்னையப் பாத்ததும் மெலிஞ்சுட்டியேன்னு கன்னத்தைத் தட்டும் சார்” என்று சிக்கந்தர் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. அதையும் எழுதினேன்.

ஐந்தாவது பகுதியைக் கொடுத்தபோது முருகேசன் தயங்கினான். “ஏலே, கப்பல்ல சமையக்காரனுக்கு இத்தனை தெரு சுத்த நேரம் ஏது? எதுக்கும் அவர்ட்ட ஒருவாட்டி கேட்டுக்குவோம்” என்றான். தள்ளுவண்டிக்கே வந்து, மரியாதையாகத்தான் கேட்டான். எனக்கு ஆத்திரம் பொங்கியது. “அவர் பாய்ங்கிறதாலதான சந்தேகப்படுற?” என்று கத்திவிட்டேன். முருகேசனுக்கு அப்படி ஒரு நினைப்பு என்றுமே இருந்ததில்லை. கத்தும்போதே எனக்கு அது தெரியும். அவன் முகம் செத்துப்போயிற்று. சிக்கந்தர் கரண்டியோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். “விடுங்க சார், ஆறிரும், சாப்பிடுங்க” என்றார். முருகேசன் சாப்பிடாமல் போனான். தொடரும் நின்றது, எங்கள் பேச்சும் நின்றது.

போன வருடம் தூத்துக்குடியிலிருந்து சிக்கந்தரோடு கப்பலில் இருந்தவர் ஒருவர் தள்ளுவண்டிக்கு வந்திருந்தார். நான் ஆசையாகக் கார்த்தஹேனாவைப் பற்றிக் கேட்டேன். அவர் சிரித்தார். “இவுக அங்க எங்க இறங்குனாக? ரெண்டு சமையக்காரங்கள்ல ஒருத்தர் கப்பல்ல இருக்கணும். எப்பவும் இவுகதான் இருப்பாக. நாந்தான் பொட்டலம் வாங்கியாந்து குடுப்பேன். மார்த்தாம்மா என் கன்னத்தைத்தான் தட்டும்.”

சிக்கந்தர் மறுக்கவில்லை. தூத்துக்குடிக்காரர் போகும்வரை காத்திருந்து கேட்டேன்.

“ருசி பொய்யில்ல சார். எல்லாத்தையும் தின்னு பாத்துத்தான் செஞ்சேன்.”

“முருகேசன் கேட்டானே, அன்னிக்கு ஏன் வாயத் தொறக்கல?”

அவர் அடுப்பைத் தணித்தார். “நீங்க எனக்காகச் சண்டை போட்டீக சார். அதுவரைக்கும் எனக்காக யாரும் அப்படிப் பேசினதில்ல. அதைக் கெடுக்க மனசு வரல.”

தட்டை வைத்துவிட்டு வந்தேன். பிறகு அந்தத் தெருப்பக்கம் போகவில்லை. முருகேசனிடம் போய் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது, போகவில்லை.

வீரசோழனில் மண் போட்டு முடிந்து கூட்டம் கலைந்தபோது முருகேசனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “தெரியும்டா” என்றான். “போன வருசமே ஆபீசுக்கு வந்து அழுதாரு. நீ பொய்யின்னு தெரியாமத்தான் பேசுனன்னு சொன்னாரு. ஓங்கிட்டப் பேசச் சொன்னாரு. நாந்தான் வரல.”

“ஏன்?”

“அவர் பொய் சொன்னாரு, சரி. என்னைய அப்படிக் கேட்டது நீதானலே.”

பேருந்து வரும்வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவனேதான் இதை இதழில் எழுதச் சொன்னான்.

எனவே அந்தத் தொடரைப் படித்தவர்களுக்குச் சொல்கிறேன். அந்தப் பண்டங்கள் எல்லாம் உண்மை. சொன்னவர் அந்த ஊரில் கால் வைத்ததில்லை, எழுதியவன் கேட்டுப் பார்த்ததில்லை. சிக்கந்தர் என்னை ஏமாற்றினார். எனக்காக அழவும் செய்தார். இரண்டாவதைக் கேட்ட பிறகும் முதலாவது ஆறவில்லை. எல்லோரையும்போல நானும் மூன்று பிடி மண் போட்டேன். அவர் மீதான கோபத்தை மட்டும் அங்கே விட்டுவிட்டு வர முடியவில்லை. அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அதுதான்.