தரைக்குக் கீழே வரைந்த கால்கள்

தறிக்குழியின் மண் உள்ளங்காலில் சில்லென்றிருக்கும். பாவு நூலுக்குப் போட்ட கஞ்சியின் புளித்த வாடை அதற்குள் இறங்கித் தங்கியிருக்கும். நகரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில், நாங்கள் "நைனா" என்று கூப்பிடும் அப்பா தரையின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதிகட்டையை மிதித்து நெய்வார். நானோ பாதி நாளை அந்தக் குழிக்குள் அவர் காலடியிலேயே கழித்தவள். தரைக்கு மேலிருப்பதும் கீழிருப்பதும் எனக்கு ஒரே வீடுதான்.

மூன்றாம் வகுப்பில், திருப்பதியில் நடக்கும் ஓவியப் போட்டிக்கு ஒரே ஒரு பிள்ளையை அனுப்பப்போவதாகச் சொல்லி, அவரவர் வீட்டை வரையச் சொன்னார் டீச்சரம்மா. ரயிலேறும் ஆசையில் உயிரைக் கொடுத்து வரைந்தேன். தரைக்கு ஒரு கோடு. கோட்டுக்கு மேலே நைனாவின் தலையும் கையும் இடுப்பும், கீழே இரண்டு கால்களும் மிதிகட்டையும். வெளியூர்க்காரரான டீச்சரம்மா தறிக்குழியைக் கண்டதேயில்லை போலும். "ஏம்மா, உங்க நைனாவ பாதி பூமில புதைச்சிட்டாங்களா?" என்றார். வகுப்பே சிரித்தது. நெசவுக்காரர் பிள்ளைகளும் சேர்ந்து சிரித்ததைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஓட்டு வீடு போட்ட பெண் திருப்பதிக்குப் போனாள்.

நைனாவுக்காவது புரியும் என்று வீட்டில் காட்டினேன். எதற்கும் சகுனம் பார்ப்பவர், முகம் கறுத்துவிட்டது. "உயிரோட குந்திக்கினு இருக்கறவன மண்ணுக்குள்ள போட்டுட்டியேடி, பாவி! நீ விளங்குவியா?" என்று தாளைச் சுக்குநூறாகக் கிழித்தார். தினமும் அந்தக் குழியில் கால் விட்டவர்தான் அவரும்!

பிறகு நானும் மலையும் சூரியனும் போடக் கற்றுக்கொண்டு பாராட்டு வாங்கினேன். பத்தாம் வகுப்புக் கணக்கில், கூம்பைக் குறுக்கே வெட்டினால் என்ன வடிவம் வரும் என்று கேட்டபோது மனத்தில் ஒன்றுமே எழவில்லை, விடையை உருப்போட்டேன். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வரை என்று பிள்ளையை அடக்கினால், தெரியாததை எண்ணிப் பார்க்கும் புத்தியும் அதோடு அடங்கிவிடுகிறது. யாரை நொந்து என்ன!

போன மாதம், புத்தூரில் நாங்கள் கட்டும் வீட்டுக்கு என்ஜினியர் பிளான் கொண்டுவந்து விரித்தார். வீட்டை மேலிருந்து கீழாக வெட்டிப் பார்த்தாற்போல ஒரு படம், நடுவே தரைக்கு ஒரு கோடு. மேலே அறைகளாம், கீழே அஸ்திவாரமும் தண்ணீர்த் தொட்டியுமாம். வெகுநேரம் பார்த்தும் எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. "வுடுங்க மேடம், இது உங்களுக்குப் புரியாது. செல்லுல பொம்மையா காட்டறேன்" என்றார். எட்டு வயதில் எனக்கு இது புரிந்திருக்கும் என்று அவரிடம் சொல்லவா முடியும்? சரி என்று தலையாட்டினேன்.