கல்யாணம் நிஜம்தான், அதிகாரி அவர்களே

கல்யாணம் செய்து வைப்பது சுலபம். நடந்த கல்யாணம் கல்யாணம்தான் என்று வெளிநாட்டு அதிகாரியை நம்ப வைப்பதுதான் எங்கள் பிழைப்பு. திருச்சி மன்னார்புரத்தில் ஒரு மாடியில் இருக்கிறது எங்கள் விசா ஆலோசனை அலுவலகம். கணவர் கனடாவில், மனைவி இங்கே என்றால், மனைவியை அழைத்துக்கொள்ள ஸ்பான்சர் ஃபைல் தயாரிப்பது என் வேலை. விசாவுக்காகப் பொய்க் கல்யாணம் செய்கிறவர்கள் உண்டு என்பதால் அங்கே எல்லோர் மீதும் சந்தேகம். என் வீட்டில் முதல் பட்டதாரி நான். ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிவிட்டு, இதற்கு ஜெயில் உண்டா என்று யோசிக்கிறவள். இதுபோன்ற மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பயந்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

நடுவில் நிற்பவர்

நித்யா ஸ்ரீரங்கத்துப் பெண். தனியார் பள்ளியில் ஆசிரியை. கணவர் செந்தில் கல்யாணம் முடிந்த கையோடு கனடா திரும்பிவிட்டார். நித்யா மாமியாருடன் வந்து ஒரு பை நிறைய போட்டோக்களை என் மேசையில் கொட்டினார்.

எல்லாவற்றிலும் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் மாமியார். முக்கொம்புப் பூங்காவில் மாமியார், மலைக்கோட்டைப் படியில் மாமியார், ஐஸ்கிரீம் கடையில்கூட நடு நாற்காலியில் மாமியார். "ரெண்டு பேரும் மட்டும் இருக்கற மாதிரி ஒண்ணுகூட இல்லீங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். மாமியாருக்குக் கேள்வியே விளங்கவில்லை.

"நான் நடுவுல நிக்கலைன்னா அவங்க ரெண்டு பேரும் யாரைப் பாத்துச் சிரிப்பாங்க?"

சாப்டியா

கணவனும் மனைவியும் தினமும் பேசிக்கொள்கிறார்கள் என்பதற்கு வாட்ஸ்அப் உரையாடலையும் அச்சடித்து வைக்க வேண்டும். நித்யா கொண்டுவந்த பக்கங்களில் ஒருவர் "சாப்டியா" என்கிறார். மற்றவர் "சாப்டேன், நீ?" என்கிறார். அடுத்த பக்கத்திலும் அதுதான், அதற்கு அடுத்த பக்கத்திலும் அதுதான். எங்கள் முதலாளியம்மா புரட்டிப் பார்த்துவிட்டு, "இது கல்யாணமா, ஹாஸ்டல் மெஸ்ஸா?" என்று என்னிடம் தள்ளிவிட்டார்.

எனக்கும் உள்ளுக்குள் சந்தேகம் வந்துவிட்டது. பொய் ஃபைலில் என் கையெழுத்து விழுந்துவிடக் கூடாதே! வேறு எதுவும் பேசிக்கொள்ள மாட்டீர்களா என்று கேட்டுவிட்டேன். நித்யா காதுவரை சிவந்து போனார்.

"பேசுவோங்க. அதை உங்ககிட்ட காட்டித்தான் கனடா போகணும்னா, நான் ஸ்ரீரங்கத்துலயே இருந்துக்கறேன்."

கத்தரிக்காய்

நேர்காணல் வந்தால் சமாளிக்க ஒத்திகை பார்ப்போம். அதற்கு முந்தின வாரம்தான் வேறொரு ஜோடி வந்திருந்தது. கேட்டதற்கெல்லாம் ஒரே டியூஷனில் படித்ததுபோல ஒரே பதில். டீ வந்ததும் அந்தக் கணவர் மனைவியைப் பார்த்து, "நீங்க சர்க்கரை போட்டுப்பீங்களாங்க?" என்றார். முதலாளியம்மா ஃபைலைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அந்தப் பயத்தோடுதான் நித்யாவை உட்கார வைத்து, செந்திலை வீடியோ காலில் பிடித்தேன். கணவருக்குப் பிடித்த காய் எது என்றேன். கத்தரிக்காய் என்றார் நித்யா. எனக்கு அது ஆகவே ஆகாது, உங்கம்மா இலையில் வைத்துவிட்டார்களே என்று தின்றேன் என்றார் செந்தில். "அப்ப ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினது யாரு?" என்று நித்யா எழுந்தே நின்றுவிட்டார். இருவரும் என்னை மறந்து, கத்தரிக்காயிலிருந்து தலைதீபாவளிக்குக் கனடாவுக்கு அனுப்பிய சட்டை வரை போய்விட்டார்கள். உள்ளே இருந்து முதலாளியம்மா குரல் கொடுத்தார்.

"சந்தேகம் தீந்துதுல்ல? ஃபைலை அனுப்பு!"

பெயர் போடாத புகார்

ஃபைல் போன சில நாட்களில் மருங்காபுரியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். வெள்ளை வேட்டி, மடித்த துண்டு. "பொய்க் கல்யாணம்னு கனடாவுக்கு எழுதிப் போடணும்மா. எம் பேரு வரக் கூடாது" என்றார். யார் கல்யாணம் என்றேன். நித்யா, செந்தில் என்றார். இவர் நித்யாவின் தாய்மாமன். நித்யாவின் ஃபைல் பிரதி என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. அலமாரிக் கதவை மறைத்துக்கொண்டு நின்றேன்.

கல்யாணத்துக்குப் போனீர்களா என்று கேட்டேன். "நான் போகாம தாலி ஏறிடுமா?" என்று கோபித்தார். பிறகு எப்படிப் பொய்க் கல்யாணம்? விஷயம் மெல்ல வெளியே வந்தது. பத்திரிகையில் சித்தப்பா பெயருக்குக் கீழே தாய்மாமன் பெயரைப் போட்டுவிட்டார்களாம். மோசடி என்று உண்மையாகத் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் எழுதலாம், தெரிந்தே பொய் எழுதுவது தப்பு, நாங்கள் எழுதித் தர மாட்டோம் என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வேற ஆளை வச்சு எழுதிக்கறேன். பேரு தெரியக் கூடாது, ஆனா நான்தான்னு அவங்களுக்கு உறைக்கணும்."

வெட்டாத வீடியோ

எழுதியே விட்டார். "இது நாடகக் கல்யாணம், பெண் வீட்டு உறவினர் யாரும் கலந்துகொள்ளவில்லை என்று தகவல் வந்திருக்கிறது. விளக்கம் தருக" என்று விசா அலுவலகத்திலிருந்து நித்யாவுக்குக் கடிதம் வந்தது. சீக்கிரம் கூப்பிட்டுவிடுவார்கள் என்று நம்பி அவர் பள்ளி வேலையை விட்டிருந்தார். மோசடி என்று முத்திரை விழுந்தால் பல வருஷத்துக்கு அந்தப் பக்கமே போக முடியாது. என் எதிரில் உட்கார்ந்து அழுதார். அழுகையை நிறுத்தி, "மாமாதானே?" என்றார். வந்தவர் பெயரைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை, ஃபேனைப் பார்த்தேன். அதுவே பதிலாகிவிட்டது.

தப்பு எங்களுடையதும்தான். அழகாக இருக்கட்டும் என்று, பாட்டும் பூமழையும் சேர்த்து வெட்டி ஒட்டிய கல்யாண வீடியோவை அனுப்பியிருந்தோம். அதைப் பார்த்தால் நகைக்கடை விளம்பரம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வீடியோக்காரரிடம் வெட்டாத பதிவை வாங்கிப் பார்த்தோம். தாலி கட்டி முடிந்ததும் மாமா மேடையேறுகிறார், பத்திரிகையை ஆட்டிக் கத்துகிறார். மணமக்கள் மாலையோடு காலில் விழுகிறார்கள். மாமா விம்மி அழுது நித்யாவுக்கு மோதிரம் போடுகிறார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் விட்ட இடத்திலிருந்து கத்துகிறார். பின்னால் மொத்த சொந்தமும் சமாதானம் செய்கிறது.

அதை அப்படியே அனுப்பினோம். "சத்தம் போடுகிறவர் மணமகளின் தாய்மாமன். எங்கள் பக்கத்து நிஜக் கல்யாணங்களில் இது வழக்கம்" என்று ஆங்கிலத்தில் விளக்கம் எழுதிவிட்டு, இது சரியா என்று நித்யாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

"சரிதாங்க. ஆனா மாமா போட்ட சத்தத்துக்கு இவ்வளவு கம்மியாவா எழுதுவாங்க?"

வழியனுப்பு

விசா வந்தது. திருச்சி ஏர்போர்ட்டுக்கு நானும் போயிருந்தேன். ஒரு வேன் சொந்தம் வந்திருந்தது. அதில் மாமாவும், முறுக்குப் பொட்டலத்தோடு. நித்யா செல்போனில் அந்த வீடியோவைப் போட்டு அவர் கையில் கொடுத்து, இதைக் காட்டித்தான் விசா கிடைத்தது என்று மட்டும் சொன்னார். அவர் முழுவதும் பார்த்தார். முகம் சுருங்கியது. வெட்கப்படுகிறார் என்று எனக்கே பாவமாகிவிட்டது. அவர் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார்.

"அன்னைக்கு நான் சத்தம் போடலேன்னா, இன்னைக்கு இந்தப் புள்ள பிளேன் ஏறியிருக்குமா?"

இப்போதெல்லாம் ஸ்பான்சர் ஃபைல் என்று யார் வந்தாலும், ஆல்பத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், கல்யாணத்தில் கோபித்துக்கொண்டது யார் என்று முதலில் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.