மூட்டையின் நடுவில் குத்திப் பார்த்தவர்

கினிகத்தேனை அரிசிக்கடை சங்கரலிங்கம் பிள்ளை சென்ற மாதம் காலமானார். மார்வலி. கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவருடைய லாரியை ஓட்டும் பியசேனதான் அட்டன் கடைவீதிக்கு வந்து எனக்குச் சொன்னான்: "எங்க முதலாளி போயிட்டாரு."

"எங்கே, கொழும்புக்கா?" என்று கேட்டேன். எனக்குத் தெரியாமல் ஏதோ பங்கு வாங்கப் புறப்பட்டுவிட்டார் என்றுதான் முதலில் தோன்றியது. பியசேன கண்ணைத் துடைத்த பிறகே விஷயம் உறைத்தது.

அவரை அறிந்தவர்கள் என்னையும் அறிவார்கள். ஆகவே மறைக்க ஒன்றுமில்லை. அந்த மனிதரைப் பார்த்து இத்தனை காலமும் வயிறெரிந்தேன். இருவரும் ஒரே மண்டியில் மூட்டை தூக்கி மேலே வந்தவர்கள். என் கடை அவர் கடையைவிடப் பெரியது. பள்ளிக்கூடத்திலும் நான் அவரைவிட ஒரு வகுப்பு அதிகம். இரண்டும் அவரிடம் செல்லுபடியாகவில்லை.

அரிசி வாங்கும்போது அவர் மூட்டையின் வாயைத் திறந்து பார்த்ததே கிடையாது. "வாயில எல்லாரும் நல்ல அரிசிதான் வைப்பாங்க" என்பார். இடுப்பில் செருகியிருக்கும் குத்தூசியை மூட்டையின் நடுவயிற்றில் இறக்குவார். அதன் குழியில் வந்து விழும் ஒரு பிடி அரிசியைப் பார்த்து விலை சொல்லுவார். தேயிலைக் கம்பெனிகளின் ஐந்தொகை என்ற சொத்து-கடன் கணக்கையும் அப்படியேதான் பார்த்தார்.

தேயிலை விலை விழுவதற்கு முந்திய வருஷம் அது. இறம்பொடைப் பக்கத்துப் பெரிய கம்பெனி ஒன்றின் ஆண்டறிக்கையை எடுத்துக்கொண்டு கினிகத்தேனைக்குப் பஸ் ஏறினேன். மூன்றே வருஷத்தில் அதன் சொத்து ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தது. அதில் பணம் போடப்போகிறேன் என்று சொல்லத்தான் போனேன். யோசனை கேட்க அல்ல.

"என்ன அட்டன் மொதலாளி, கடைய மூடிட்டு வந்தீங்களா, இல்ல கடையே மூடிருச்சா?"

"கிண்டல் இருக்கட்டும் அண்ணாச்சி. இதப் பாருங்க, வளந்துகிட்டே போகுது."

ஐந்தொகையை மேசையில் விரித்தார். சொத்துகள் எழுதியிருந்த வலது பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, கடனும் முதலும் எழுதியிருந்த இடது பக்கத்தை மட்டும் படித்தார்.

"கைய எடுங்க. சரக்கு அந்தப் பக்கந்தான் இருக்கு."

"இருக்கட்டும். அது யாரோட சரக்குன்னு இந்தப் பக்கந்தானே சொல்லும்?" விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. "பேங்க் கடன் கூடியிருக்கு. புதுசா ஷேர் வித்திருக்காங்க. லாபத்துல ஒதுக்கி வச்சது மட்டும் போன வருஷம் நின்ன எடத்துலயே நிக்குது. இதுல கம்பெனி எங்கங்க வளந்துச்சு? கடன்தான் வளந்திருக்கு."

அதன்பிறகுதான் கையை எடுத்தார். அறிக்கையின் முன்பக்கத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குக் கூரை மாற்றியதாக டைரக்டர்கள் எழுதியிருந்ததைக் காட்டினார். "ஒழுகுன கூரைய மாத்துன செலவையும் சொத்துன்னு ஏத்திட்டாங்க. விக்காம கெடக்குற தேயிலைக்கும் போன வருஷ வெலை. எலி கடிச்ச மூட்டைய நீங்க புது வெலைக்கு எழுதுவீங்களா?"

"உங்களால வாங்க முடியலேன்னு எரிச்சல்" என்றேன்.

"எரிச்சல் யாருக்குன்னு அட்டன் வரைக்கும் தெரியுமே!" உள்ளேயிருந்து அவர் மனைவி செல்லம் மதினியின் குரல் வந்தது. அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். நான் அந்தக் கோபத்திலேயே, நினைத்திருந்ததைவிடக் கூடுதலாகப் பெரிய கம்பெனியில் போட்டேன்.

எங்கள் கடைவீதிக்கு ஒரு பழக்கம் உண்டு. தட்டு நிறையச் சரக்கு அடுக்கியிருந்தால் அதைப் பணக்காரக் கடை என்போம். தவணைக்கு வாங்கி அடுக்கியது என்று தெரிந்தாலும் அப்படித்தான் சொல்லுவோம். நான் கம்பெனியையும் அந்தக் கண்ணால் பார்த்தேன்.

அவர் வாங்கியது, தாம் அரிசி கொடுத்துவந்த சின்னத் தோட்டத்துக் கம்பெனியின் பங்குகள். அதன் ஐந்தொகை வருஷத்துக்கு வருஷம் சுருங்கியது. "அண்ணாச்சி தேஞ்சுபோற கம்பெனியாப் பார்த்துப் பிடிச்சிருக்காரு" என்று கடைவீதி முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். அவர் காதுக்கும் அது எட்டியது. அடுத்த முறை பார்த்தபோது நிதானமாகச் சொன்னார்: "கடன அடைக்கிறாங்க, அதான் மொத்தம் கொறையுது. தேயிலை அரைக்கிற ஸ்டோர்ல மெசினு நல்லா ஓடுது, கணக்குல அதுக்கு வெலையே இல்லாத மாதிரி கழிச்சிட்டாங்க. கூர மாத்துன காச அந்த வருஷச் செலவுலயே போட்டுட்டாங்க. அரிசி எறக்கப் போறப்ப கூரையக் கண்ணால பாத்தேன், சொத்துக் கணக்குல தேடுனேன், இல்ல. மொத்தம் கொறஞ்சாலும் நம்ம பங்கு கூடுது மொதலாளி."

விலை விழுந்தது. என் பெரிய கம்பெனியின் தோட்டத்தை பேங்க் எடுத்துக்கொண்டது. என் பங்குப் பத்திரம் சரக்குப் பொட்டலம் மடிக்கத்தான் ஆகும் என்றானது. அவருடைய சின்னக் கம்பெனியோ அந்த வருஷமும் கொஞ்சம் லாபப்பங்கு கொடுத்தது. அவர் ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டவில்லை. காட்டியிருந்தால் சண்டைபோட்டு ஆற்றிக்கொண்டிருப்பேன். அந்த வசதியைக்கூட எனக்குத் தரவில்லை.

ஏற்றுமதிக் கட்டுப்பாடு வந்து தேயிலை விலை நிமிர்ந்த பிறகு, அந்தப் பங்குகள் எப்படியாவது எனக்கு வேண்டும் என்று வெறியே பிடித்தது. விட்டதை மீட்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. மாரியம்மன் கோயில் திருவிழாக் கூட்டத்தில் அவரை மடக்கினேன்.

"விக்கிறதா இல்லீங்க."

"போறப்ப தலையில கட்டிக்கிட்டா போவீங்க?"

"போறப்ப வீட்டுல சொல்லிவச்சுட்டுப் போறேன். வந்து வாங்கிக்கங்க" என்று சிரித்துக்கொண்டே தேங்காய் உடைக்கப் போனார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, இரண்டு வாரம் பொறுத்துப் போனேன். கடையை மதினிதான் நடத்துகிறார்கள். துக்கம் விசாரித்தேன், பிறகு மெதுவாகப் பங்குப் பேச்சை எடுத்தேன். கொழும்பு புரோக்கர் சொன்ன அன்றைய விலை பதினான்கு ரூபாய். அதையே தருகிறேன் என்றேன்.

மதினி பெட்டியிலிருந்து புது ஆண்டறிக்கையை எடுத்து ஐந்தொகைப் பக்கத்தை விரித்தார்கள். வலது பக்கத்தின்மேல் உள்ளங்கையை வைத்து மூடினார்கள்.

"கடன் ஒண்ணுமே இல்ல தம்பி. சொத்துக் கணக்கப் பங்குக்கு வகுத்தா இருபத்தொண்ணு வருது. கடைக்கு ரொக்கம் வேணும், அதனால பாதி தாரேன். மத்த பாதி எனக்கு."

"இருபத்தொண்ணா? கொழும்புல யாரும் தரமாட்டாங்க மதினி."

"பதினெட்டு குடுங்க. அவரு சொல்லிவச்சது அதான். அதுக்குக் கீழயும் போகாதே, மேலயும் கேக்காதே, அட்டன்காரருக்கும் கொஞ்சம் லாபம் இருக்கட்டும், இல்லாட்டி எம்மேல பொறாமப்பட்டே செத்துருவாருன்னாரு."

சிரித்தோம். பிறகு மதினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

செத்த பிறகும் எனக்கு விலை வைத்த மனிதர். இப்போதும் வயிறெரிகிறது; குறையவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த எரிச்சலும், எந்தக் கணக்கை எடுத்தாலும் தானாகவே வலது பக்கத்தை மூடப் போகும் இந்தக் கையும்தான். மற்றதெல்லாம் பேசி முடித்தபடி: பாதிப் பங்குகள், பங்கு ஒன்றுக்குப் பதினெட்டு ரூபாய், முழுதும் ரொக்கம், பெயர் மாற்றும் செலவு என்னுடையது, இந்த வருஷ லாபப்பங்கு மதினிக்கு, குத்தூசி எனக்கு, விலையில்லாமல்.