கோவை இலையும் ஒரு தெலுங்கு வாக்கியமும்

பேரனின் பள்ளி வேலியில் படர்ந்திருந்த கோவைக்கொடியின் இலையைச் சும்மா கசக்கினேன். சிலேட்டு துடைத்த வாசனை வந்தது.

சத்தியவேட்டுப் பக்கம் இருந்த எங்கள் ஊர் ஆந்திராவோடு சேர்ந்த வருஷம், பள்ளிக்குத் தெலுங்கு வாத்தியார் வந்தார். அப்பாவை நைனா என்போம்; நைனாவின் கருமாதி முடிந்து மொட்டைத் தலையோடு போனேன். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்டார்.

"நைனா செத்துட்டாரு சார்."

"தெலுகுலோ செப்புரா."

தெலுங்கில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவரே சொல்லிக் கொடுத்தார்: "மா நான்ன சனிபோயாரு." நான் தப்பாகச் சொன்னபோதெல்லாம் பிரம்படி விழுந்தது, வகுப்பே சிரித்தது. பிறகு அதையே சிலேட்டு நிறைய எழுதவைத்தார். கோவை இலையால் துடைக்கச் சொல்லி மறுபடியும் எழுதவைத்தார். கண்ணீர் விழுந்து எழுத்து கலைந்தால் அதற்கும் அடி.

இன்று பேரனின் பள்ளிக்குப் பிள்ளைகளின் மனநலம் பற்றிப் பேச வந்திருந்த பெண் அன்பாகக் கேட்டாள்: "தாத்தா, சின்ன வயசுல உங்க அப்பாகிட்ட மனசுவிட்டுப் பேசுவீங்களா?"

வாயைத் திறந்தேன். அந்த வாக்கியம்தான் வந்தது, ஓர் எழுத்துகூடப் பிசகாமல்.