மலையேறாதவர் பெயரில் அக்காவின் ஓவியங்கள்

எலவனாசூர்கோட்டையில் பிறந்து, உளுந்தூர்பேட்டையில் வாழ்ந்து, சென்ற ஆண்டு எங்களைப் பிரிந்த அக்காவுக்கு இது முதலாண்டு நினைவு மலர். பொறுமைசாலி, குடும்ப விளக்கு என்று எழுதச் சொன்னார்கள் உறவினர்கள். அக்கா ஓவியர். அதைத்தான் எழுதுகிறேன். கசந்தால் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

பள்ளி முடித்ததும் சென்னை ஓவியக் கல்லூரியில் அக்காவுக்கு இடம் கிடைத்தது. "பொட்டப் புள்ளைக்கு இன்னா படம் போடற படிப்பு?" என்று அப்பா மறுத்துவிட்டார். பிறகு ஓர் ஓவிய ஆசிரியரையே மாப்பிள்ளையாகப் பார்த்தார்கள். கொடுத்துவைத்தவள் என்றது ஊர்.

மாமா வரைந்த மலைகள் கவிழ்த்துவைத்த கொட்டாங்கச்சிகளைப் போல இருக்கும். அக்காவோ விடுமுறை நாள்களில் என்னையும் அழைத்துக்கொண்டு கல்வராயன் மலைக்குப் பேருந்து ஏறிவிடுவார். சாமை அடிக்கும் பெண்களோடு உட்கார்ந்து பேசி, முகங்கள் மனத்தில் பதிந்த பிறகே பென்சிலை எடுப்பார். வீடு திரும்பிச் சமையலை முடித்துவிட்டு வண்ணம் தீட்டுவார். ஓரத்தில் மாமா கையெழுத்துப் போடுவார். "பொம்பள பேரு போட்டா எவனும் சீந்தமாட்டான்" என்பது அவர் நியாயம். புதுச்சேரிக் கண்காட்சிகளில் பொன்னாடை அவருக்கே விழுந்தது. வளைவுகளில் குமட்டுகிறதென்று மாமா ஒருமுறைகூட மலையேறியதில்லை.

இந்த வட்டாரத்து ஓவியர்களின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்த பேராசிரியர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். படத்தில் மண்ணின் சிவப்பு எப்படி வந்தது என்று மாமாவைக் கேட்டார். மாமா தடுமாறினார். காப்பி கொண்டுவந்த அக்கா, "அத நான்தான் சார் போட்டேன். எல்லாமே நான் போட்டதுதான்" என்றார்.

பேராசிரியர் சிரித்தார். "அம்மா நல்லா ஒத்தாசை பண்றாங்க போல" என்றார் மாமாவிடம். மாமாவும் சிரித்தார்.

நூல் வந்தது. மலைமக்களோடு வாழ்ந்து தீட்டியவர் என்று மாமாவுக்கு ஓர் அத்தியாயம். அக்காவுக்குத் துணைவியார் என்ற ஒரு சொல்.

"இனிமே உங்க படத்த நீங்களே போட்டுக்கினு இருங்க" என்று சொல்லிவிட்டார் அக்கா. அதன்பின் மாமாவிடமிருந்து ஒரு படமும் வரவில்லை. கேட்டவர்களிடம் பார்வை கம்மி என்றார். அக்கா தன் பெயரில் வரைந்து கள்ளக்குறிச்சியில் காட்சிக்கு வைத்தார். அங்கும் வந்த பேராசிரியர், கணவரின் பாணி நன்றாகப் படிந்திருப்பதாகப் பாராட்டினார். "எடத்த காலி பண்ணுங்க சார்" என்றார் அக்கா. அவர் அப்படிப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

பிறகு மார்பில் புற்றுநோய் வந்தது. வலக்கை வீங்கியபோது இடக்கையால் வரைந்தார்.

கருமாதியன்று யாரோ மாமாவின் ஓவியங்களைப் புகழ, மலையிலிருந்து வந்திருந்த பெண் ஒருவர் எழுந்தார். "இவரு யாருன்னே எங்களுக்குத் தெரியாதுங்க. எங்ககூட உக்காந்து வரைஞ்சது அக்காதாங்க." மாமா தலை நிமிரவில்லை.

ஆனாலும் இம்மலருக்கு அவரிடம் ஒரு பக்கம் கேட்டேன். "என் கலைக்குத் துணை நின்றவள்" என்று எழுதிக் கொடுத்தார். அச்சிட மாட்டேன் என்றேன்.

"செத்தவளுக்காக உயிரோட இருக்கறவன் மானத்த வாங்குவியா?"

"அவங்க உயிரோட இருந்தப்பவும் நீங்க சொல்லலயே, மாமா."

அந்தப் பக்கத்தில் அக்காவின் கடைசி ஓவியத்தை அச்சிட்டிருக்கிறேன்.

மருத்துவமனையில் அக்காவைத் தாய்போலப் பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், அன்று எழுந்து பேசிய அந்தச் சகோதரிக்கும் எங்கள் நன்றி. பேராசிரியருக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன். அவருக்கு நன்றி சொல்ல எதுவுமில்லை. அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதட்டும்.