கேட்டும் கேளாதவர்கள்

கலியாண அட்டைகளை ஐம்பது ஐம்பதாக அடுக்கி ரப்பர் வளையம் போட்டபடியே அன்புராசா கேட்பார்: “வாக்குப் போட்டாச்சோ?” வந்தவர் விழித்தால் கட்டு மேசைக்குக் கீழே போய்விடும். “போட்டிட்டு வாங்கோ. அட்டை எங்கையும் ஓடாது.”

1997 மாசி கடைசியில், கனடாவில் ஸ்காபரோவின் மோர்னிங்சைட் பகுதியிலுள்ள அவருடைய சின்ன அச்சகத்துக்குப் போன எவரும் இந்தக் கேள்விக்குத் தப்பவில்லை. ஸ்காபரோ உட்பட ஆறு நகரசபைகளைக் கலைத்து ஒரே ரொறொன்ரோவாக்க மாகாண அரசு முடிவெடுத்திருந்தது. நகரசபைகளோ மக்களின் விருப்பமறிய வாக்கெடுப்பு நடத்தின.

சனத்தைக் கேளாமல் ஊர்களைச் சேர்ப்பதில் அவருக்கிருந்த கோபம் ஜெர்மனியில் தொடங்கியது. கனடாவுக்கு வருமுன் ஐந்து வருடம் லூபெக் நகரில் அகதியாக இருந்தார். அங்கே இனிப்புத் தொழிற்சாலையில் கூட வேலைசெய்த பெண்ணொருத்தி, சாப்பாட்டு இடைவேளைகளில் தன் ஊரின் கதையைச் சொல்லியிருந்தாள். லூபெக், பேரரசரைத் தவிர எந்தப் பிரபுவுக்கும் கைகட்டாத சுதந்திர நகரம். பேரரசர்கள் போன பிறகும் தனித்தே நின்றது. 1937இல் நாஜி அரசு ஒரு சட்டத்தை எழுதி அதைப் பக்கத்து மாகாணத்துக்குள் தள்ளிவிட்டது. யுத்தம் முடிந்தபின் ஊரார் வாக்கெடுப்புக் கேட்டார்கள். நீதிமன்றம் அதையும் மறுத்துவிட்டது.

“எழுநூற்றுப் பதினொரு வருசம் தனிச்சு நிண்ட ஊர்! ஒரு சனத்தையும் கேக்கேல்லை!” சொல்லும்போது அவருக்கு மூக்கு விடைக்கும்.

“உது ஆற்றையோ ஊர்க்கதை. ஒண்டாச் சேர்த்தாலும் எங்களுக்குப் பஸ் வரும்தானே?” என்பார் மனைவி றீற்றா.

“பஸ் வரும். நாளைக்கு ஆரும் உன்னைக் கேளாமல் இந்தக் கடையைப் பக்கத்துக் கடையோடை சேர்த்தாலும் பஸ் வரும்!”

பிழையாக அச்சான அட்டைகளின் பின்புறத்தில் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார். ஒன்றும் வெளிவரவில்லை. ஆனாலும் வாக்கைப் போட்டுவிட்டு வந்த நாளில் புதுச்சட்டையைக் கழற்றாமலே மெஷினில் நின்றார். ஊரில் இருந்தவரை வாக்குப் போட வாய்க்கவில்லை. ஜெர்மனியில் அகதிக்கு வாக்கில்லை; கனடாக் குடியுரிமை இப்போதுதான் கிடைத்திருந்தது. நாற்பத்திரண்டு வயதில் போட்ட முதல் வாக்கு அது.

பங்குனி மூன்றாந் திகதி முடிவு வந்தது. நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல் வேண்டாமென்றிருந்தார்கள். அரசு அசையவில்லை, அடுத்த மாதமே சட்டம் நிறைவேறியது. வானொலியில் செய்தி கேட்டதும் அன்புராசா மெஷினை நிறுத்தினார்.

“அங்கை கேக்கேல்லை. இங்கை கேட்டுப்போட்டுக் குப்பையிலை போட்டிட்டாங்கள். எது பெரிய அவமானம், சொல்லு!”

றீற்றா தேத்தண்ணியை அவர் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுப் போனார்.

கார்த்திகையில் புதிய பெருநகரத்துக்கு முதல் தேர்தல் வந்தது. “செத்தாலும் போகமாட்டன்” என்று இரண்டு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், அன்று மத்தியானம் கடையைப் பூட்டினார். “நான் போகாட்டி, கேக்கத் தேவையில்லாத சனம் எண்டு உவங்கள் நினைச்சிடுவாங்கள்” என்றார். இருவரும் ஒன்றாக நடந்தார்கள்.

பாடசாலை மண்டபத்தில் சீட்டை மடித்துப் பெட்டிக்குள் போட்டார். போட்ட கையை எடுக்கவில்லை. “முடிந்தது சேர், நீங்கள் போகலாம்,” என்று அங்கே அலுவலராயிருந்த இளம்பெண் ஆங்கிலத்தில் சொன்னாள். பின்னால் வரிசை நீண்டது. பெட்டியின் வாயை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபடி, இந்தச் சீட்டும் குப்பைக்குப் போகாதென்று அவள் சொல்லட்டும் என்பதுபோல், அன்புராசா அவளுடைய கண்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.